பெரிய வெள்ளியும் ஆறு வெள்ளைக்கருவும்

உடம்பு தேறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உடம்பு சரியில்லை என்று நீக்குவார்கள், வயதாகிவிட்டது என்று நீக்குவார்கள், வேலையே தெரியவில்லை என்றுகூட (அபூர்வமாக) நீக்குவார்கள். என்னை நீக்கும்போது எங்கள் மாதா கோயிலின் பங்குச் சாமியார் சொன்ன காரணம், "நீ ரொம்ப நல்லா இருக்கய்யா" என்பது. நாலு வருடம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒல்லியாகப் பிறந்தவனுக்கு திண்டுக்கல்லில் மரியாதை கிடையாது. மற்ற ஊர்களிலும் கிடையாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நான் அவமானப்பட்டது இங்கேதான் என்பதால் இந்த ஊரைத்தான் சொல்ல முடியும். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஆள் என் தோளைத் தொட்டு, "தம்பி, வீட்ல சோறு போடுறதில்லையா?" என்று கேட்டிருக்கிறார். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் எனக்கு மட்டும் கேட்காமலே இரண்டாவது கரண்டி வைப்பார், முகத்தில் தர்மம் செய்த திருப்தியோடு. பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஊதுபத்தி. கல்லூரிக்குப் போன பிறகு கொஞ்சம் நாகரிகம் வந்து, அகர்பத்தி. கணினி ஆசிரியராக ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்த முதல் நாள், வாட்ச்மேன் என் காலரைப் பிடித்து ப்ளஸ் டூ வரிசையில் நிறுத்தினார். ஒல்லியானவனுக்கு மனசு என்று ஒன்று உண்டு, அதுவும் அந்த எலும்புகளுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

இதில் எனக்கு வைத்த பெயர் ஆரோக்கியராஜ். ஆரோக்கிய மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வைத்தது. "மாதா பேர மட்டும் அனுப்பிச்சிட்டா, மத்தத அனுப்ப மறந்துட்டா" என்று என் சித்தப்பா எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் சொல்வார். எல்லாரும் எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் புதிதாகச் சிரிப்பார்கள்.

எங்கள் பங்கில் பெரிய வெள்ளிக்கிழமை காலையில் சிலுவைப் பாதையை ஆட்களை வைத்தே நடத்துவோம். கோயில் வாசலில் ஆளுநர் பிலாத்துவின் தீர்ப்பும் கசையடியும். அங்கிருந்து சிலுவையைச் சுமந்துகொண்டு தெருத் தெருவாகப் போய், ஊருக்கு வெளியே இருக்கிற கரட்டில் முடியும். (கரடு என்றால் மொட்டைப் பாறைக் குன்று. எங்களுக்கு அதுதான் கல்வாரி.) பதினோரு வருடமாக இயேசுவாக இருந்தவர் ஸ்டீபன் அண்ணன். மர வேலை செய்கிறவர். அந்தச் சிலுவையே அவர் கையால் செய்ததுதான். உருக்கமாக நடிப்பார். ஆனால் பதினோரு வருடத்தில் அவருடைய பக்தியோடு சேர்ந்து வயிறும் வளர்ந்துவிட்டது. கடைசி வருடம் அங்கியைக் கழற்றியதும் கூட்டத்தில் யாரோ, "கடைசி இராவுணவு பலமா இருந்திருக்கும் போல" என்று சொல்ல, கசையடிக் கட்டத்தில் சனங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே, பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் கூட்டம் போட்டார். இளைஞர் குழுவில் இருந்த இருபது பேரையும் பார்த்தார். என்னிடம் வந்து நின்றார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். (திரும்பியதும் நான் காணாமல் போய்விடுவேன் என்பது அந்தக் காலத்து நகைச்சுவை.)

"ஆரோக்கியம், இந்த வருசம் நீ பண்ணுய்யா" என்றார்.

அறையில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். என் நண்பன் லூர்து, ரோமைப் படைவீரனாக நிற்கிறவன், அவன்தான் ரொம்ப வேகமாகத் தலையாட்டினான். ஸ்டீபன் அண்ணனை சிலுவை தூக்க உதவுகிற சீமோனாக மாற்றினார்கள். "யாரு எடுத்தாலும் கடைசியில சிலுவை எங்கிட்டதான வரணும்" என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் லூர்துவிடம் கேட்டேன். "ஏன்டா மாப்ள, என்னையப் போயி எடுத்திருக்காக?"

அவன் ஒரு நிமிடம் வாயைத் திறந்து மூடினான். "மொகம்டா. ஒம் மொகத்துல ஒரு சோகம் இருக்குல்ல, அதான்" என்றான்.

நம்பிவிட்டேன். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் எதிர்ப்பட்ட கடைக் கண்ணாடியில் எல்லாம் என் சோகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாலையில் சட்டையைக் கழற்றி வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் விஷயம் உறைத்தது. கசையடிக் கட்டத்தில் இடுப்புக்கு மேலே ஒன்றும் இருக்காது. பங்கு மக்கள் அத்தனை பேரும் எதிரே நிற்பார்கள். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் நிற்பார்கள். ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஊதுபத்திக்குக் கசையடி என்று அன்றைக்கே ஊரெல்லாம் சுற்றும். முகத்துக்காக எடுத்தவர்கள் உடம்பைப் பார்த்துச் சிரித்தால், அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த வகுப்பறையில் போய் நிற்பது? மூன்று மாதம் இருந்தது. மறுநாள் காலை ஐந்தரைக்கு பேகம்பூர் பக்கம், ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த ஜிம்மில் ஏறினேன்.

காஜா மாஸ்டர் மேசையில் நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பனியனுக்கு வெளியே வந்த கை என் தொடையைவிடப் பெரிது.

"பேரு?"

"ஆரோக்கியம், மாஸ்டர்."

"அதுக்குத்தான்ப்பா எல்லாரும் வாராங்க. பேரச் சொல்லு."

"பேரே அதுதான் மாஸ்டர்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

"எதுக்கு ஒடம்பு? கல்யாணமா, போலீஸ் செலக்சனா?" (எங்கள் ஊரில் வேறு காரணத்துக்கு யாரும் ஜிம்முக்கு வருவதில்லை.)

"சிலுவை தூக்கணும் மாஸ்டர்."

"எத்தன கிலோ?"

"நாப்பது இருக்கும்."

"எம்புட்டு தூரம்?"

"ஒன்றரை கிலோமீட்டர். நடுவுல மூணு வாட்டி விழணும்."

"விழக் கூடாது" என்றார் மாஸ்டர் கண்டிப்பாக. "எங்கிட்ட பயிற்சி எடுத்த பயலுக யாரும் இதுவரைக்கும் விழுந்ததில்ல."

எடை மெஷினில் ஏறினேன். நாற்பத்தொன்பது. பாக்கெட்டில் வண்டிச் சாவியும் செல்போனும் இருந்தன என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

எனக்கு நெஞ்சும் கையும் வந்தால் போதும் என்று இருந்தது. சனங்கள் பார்க்கப் போவது அதைத்தானே. மாஸ்டர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "பாரத்தத் தூக்குறது கை இல்லப்பா, காலும் முதுகும். இங்கன வார பயலுக பூராம் கைய மட்டும் ஏத்திக்கிட்டு, கீழ கோழிக் காலோட திரியிறானுக. நீ சொமக்கப் போறவன். மொதல்ல கால், பொறகு முதுகு, பொறகு தோளு. கை தானா வரும்" என்றார். முதல் வாரம் முழுக்க வெறும் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ வைத்தார். எடை ஒன்றும் போடவில்லை. முதுகு நேராக இருக்க வேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டே இறங்கி, விட்டுக்கொண்டே ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பாரத்தை ஒருபோதும் கீழே போடக் கூடாது, வைக்க வேண்டும். வாரத்தில் நாலு நாள் பயிற்சி, மூன்று நாள் ஓய்வு. ஐந்தாவது நாள் ஆர்வத்தில் போய் நின்றால் விரட்டிவிடுவார். "தூங்குறப்பதான்யா ஒடம்பு ஏறும், போய்த் தூங்கு!"

சாப்பாட்டு விஷயத்துக்கு வந்தார். "மத்தியானம் என்ன திங்கிற?"

"சோறு மாஸ்டர்."

"வெஞ்சனம்?"

"ஒரு கரண்டி பொரியல், கூட்டு எதாச்சும்."

"மாத்து. வெஞ்சனத்த சோறு மாதிரி தின்னு, சோத்த வெஞ்சனம் மாதிரி தொட்டுக்க."

இதற்குப் பிறகு எத்தனையோ பேர் தட்டை வட்டமாக வரைந்து, கலர் அடித்து, பாகம் பிரித்துச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாஸ்டர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஆனால் இதை என் அம்மாவிடம் சொல்ல வேண்டியவன் நான்தானே! "ஊர்ல இல்லாத வழக்கமா இருக்கு! வடிச்ச சோத்த ஓரமா வச்சுக்கிட்டு பருப்பக் கிண்ணங் கிண்ணமாத் திங்கிறதா? பாக்குறவுக வீட்ல அரிசி இல்லேன்னு நெனைக்க மாட்டாகளா?" என்று தட்டுக்கு எதிரே நின்றுகொண்டாள்.

அடுத்தது முட்டை. ஒரு நாளைக்கு எட்டு வெள்ளைக்கரு என்றார் மாஸ்டர். சரி, வெள்ளைக்கரு எட்டும் எனக்கு. மஞ்சள்கரு எட்டும் யாருக்கு? என் அம்மா ஒரு பருக்கையைக் கீழே போட மாட்டாள். மஞ்சள்கருவில் குழம்பு வைத்தாள், பொரியல் செய்தாள், தோசையில் தடவினாள். எல்லாம் அப்பாவின் தட்டுக்குப் போனது. அப்பாவும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். ஐந்தாவது வாரம் அவருக்கு லேசாகத் தலை சுற்றி, ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "தினமும் என்னதாங்க சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"எம் மகன் ஒடம்பத் தேத்துறான் டாக்டர்" என்றார் அப்பா.

நல்லவேளையாக அப்போது தவக்காலம் வந்தது. அந்த வருடம், அது தொடங்குகிற விபூதிப் புதனை என் அப்பா வரவேற்றது போல எந்தக் கிறிஸ்தவனும் வரவேற்றிருக்க மாட்டான். எங்கள் வீட்டில் நாற்பது நாளும் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. திருச்சபை அவ்வளவு கேட்கவில்லை, அம்மா கேட்டாள். "இயேசுவா நிக்கப் போறவன் கவுச்சியத் தொடக் கூடாது. முட்டையும் கவுச்சிதான். வெள்ளையா இருந்தா மட்டும் தேங்காயாயிருமா?" என்றாள்.

நான் என்ன செய்ய? ஐந்து கிலோ ஏறியிருந்தது. கழுத்து எலும்பு உள்ளே போக ஆரம்பித்திருந்தது. சட்டைத் தோளில் தையல் சரியாக உட்கார்ந்திருந்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக. அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் சுண்டலும் பாசிப்பயறும் தின்றேன். முட்டையை மட்டும் மாஸ்டர் வீட்டில் அவித்துவரச் சொல்லி ஜிம்மில் வைத்துத் தின்றேன், திருடன் மாதிரி. மனசாட்சிக்காக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் முட்டை இல்லை. அந்தச் சட்டத்தை ஐந்து வெள்ளி காப்பாற்றினேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இதை யாரும் சொல்வதே இல்லை.

தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரத்தில் மாஸ்டருக்கும் ரம்ஜான் நோன்பு வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத அந்த மனிதர் எதிரே உட்கார்ந்து, என் முட்டைக்கு ஓடு உரித்துத் தருவார். எனக்கு விழுங்கவே கூசும்.

"ஒங்க சாமியார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிரலாம்ல?" என்பார்.

"கேக்கக் கூடாது மாஸ்டர்."

"ஏன்?"

"வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

இதற்கிடையில் ஒத்திகைகள் நடந்தன. நான் தொளதொளத்த முழுக்கைச் சட்டையிலேயே போனேன். அன்றைக்கு அங்கி கழலும்போது எல்லாரும் வாயடைத்து நிற்க வேண்டும் என்பது என் திட்டம். ஒரு ஒத்திகை முடிந்ததும் பங்குச் சாமியார் என் முதுகில் தட்டி, "நல்லா இருக்கய்யா. அப்படியே இரு. ஒண்ணத்தையும் மாத்திராத" என்றார். நடிப்பைச் சொல்கிறார் என்று நினைத்தேன். கடவுள் அவர் வாய் வழியாக எனக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பினார், நான் பாராட்டு என்று வாங்கிக்கொண்டேன்.

பெரிய வெள்ளி வந்தது. எடை ஐம்பத்தெட்டு. காலை ஆறு மணிக்கு ஜிம்முக்குப் போனேன், சும்மா மாஸ்டரிடம் சொல்லிக்கொள்ளத்தான். (சும்மாதான். நம்புங்கள்.) அவர் மேசைமேல் ஆறு முட்டை அவித்து வைத்திருந்தார்.

"இன்னைக்கு வேணாம் மாஸ்டர். எங்களுக்கு ஒருசந்தி. வருசத்துலயே பெரிய நோன்பு."

"வெறும் வயித்துல நாப்பது கிலோவத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல ஒன்றரை கிலோமீட்டர் போவியா? பாதி வழியில மயங்கி விழுந்தா அம்புட்டு சனமும் என்ன சொல்லும்? ஊதுபத்தின்னு சொல்லும்."

அந்த வார்த்தையை நான்தான் அவரிடம் ஒருநாள் மனம் விட்டுச் சொல்லியிருந்தேன். ஆறையும் தின்றேன். மஞ்சள்கருவை எடுத்துவிட்டு.

ஒன்பது மணிக்கே வெயில் சுட்டது. கோயில் வாசலில் தலைகள்தான் தெரிந்தன. அம்மா சனவரியில் அளவெடுத்துத் தைத்த வெள்ளை அங்கியைப் போடும்போதே தோளில் கொஞ்சம் பிடித்தது. பிலாத்து கை கழுவினார். லூர்துவும் இன்னொரு வீரனும் என் அங்கியைக் கழற்ற வந்தார்கள். தலை வழியாக உருவ வேண்டும். பாதி வந்து, தோளில் நின்றுவிட்டது. என் முகம் துணிக்குள்ளே. இரண்டு கையும் மேலே.

"மாப்ள, செத்த நேரம் கைய ஒடுக்குடா" என்றான் லூர்து பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒடுங்க மாட்டேங்குதுடா."

"என்னத்தடா உள்ள வச்சிருக்க?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் காலை ஊன்றி இழுத்தார்கள். டர்ரென்று கிழிந்து வந்தது. நான் வெளிச்சத்துக்கு வந்தேன். நான் நினைத்தபடியே எல்லாரும் வாயடைத்து நின்றார்கள். மூன்று மாத உழைப்பு முழுசாக வெயிலில் நின்றது. என் இரண்டு பக்கமும் சாட்டையோடு நின்ற வீரர்கள் என்னில் பாதி இருந்தார்கள். அந்த நிமிடம், கர்த்தர் மன்னிக்கட்டும், நான் மூச்சை இழுத்து நெஞ்சை இன்னும் கொஞ்சம் விரித்தேன்.

சாட்டையின் முதல் அடி விழுந்தது. பாடகர் குழுவில் சவரியம்மா அக்கா கையில் மைக் இருந்தது. அவர் பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகத்தான் சொன்னார். மைக் அணைக்கப்படவில்லை. நாலு தெருவில் கட்டியிருந்த எட்டு ஸ்பீக்கரிலும் கேட்டது.

"அடி யாத்தே, இம்புட்டு ஒடம்ப வச்சுக்கிட்டு எதுக்கு அடி வாங்குறான்? திருப்பி ஒண்ணு விட்டா அந்த ரெண்டு பேரும் ஓடியே போயிருவானுகளே!"

பெரிய வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில், சனம் சிரித்தது. பிலாத்து சிரித்தார். லூர்து சாட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டான். எந்தச் சிரிப்புக்குப் பயந்து மூன்று மாதம் இரும்பைத் தூக்கினேனோ, அதே சிரிப்பு, அதே இடத்தில் எனக்காகக் காத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. பாடுகளின் உருக்கத்தில் அழுகிறான் என்று ஒருத்தராவது நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை.

அடுத்து சிலுவை. தள்ளாடி, முனகி, கஷ்டப்பட்டு வாங்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். கீழே கிடந்த மரத்தைப் பார்த்ததும் என் கால் தானாக அகன்றது. முதுகு நேரானது. மூச்சு உள்ளே போனது. "ஹுப்!" என்று ஒரு சத்தம் என் வாயிலிருந்து வந்தது. அடுத்த நொடி சிலுவை என் தோளில் இருந்தது. நாற்பது கிலோ. காஜா மாஸ்டர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். பங்குச் சாமியாருக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்கு.

முதல் முறை விழ வேண்டிய இடம் வந்தது. பாரத்தைக் கீழே போடாதே, வை என்று மாஸ்டர் மூன்று மாதம் மண்டையில் ஏற்றியிருந்தார் இல்லையா? நான் முழங்காலை மடக்கி, சிலுவையைப் பூப்போல ரோட்டில் வைத்துவிட்டு, பிறகு பக்கத்தில் நிதானமாகப் படுத்துக்கொண்டேன். எழும்போது இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைக் கம்பு மாதிரி வைத்துக்கொண்டு எழுந்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், "ஒண்ணு!" என்று எண்ணியது.

பிறகு சீமோன். அந்த இடத்தில் சாமியார் மைக்கில் உருக்கமாக வாசிப்பார். "இயேசு முற்றிலும் சோர்ந்துவிட்டார். இனி ஓர் அடிகூட அவரால் எடுத்துவைக்க முடியாது." அதைக் கேட்டுக்கொண்டே ஸ்டீபன் அண்ணன் கூட்டத்திலிருந்து வந்து சிலுவையின் பின்பக்கத்தைப் பிடித்தார். பாவம், அவர் முந்தின நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து ஒருசந்தி இருந்தவர். பத்தடி வந்திருப்பார். "தம்பி, கண்ண இருட்டுதுய்யா" என்றார். திரும்பிப் பார்ப்பதற்குள் சாய்ந்துவிட்டார். சிலுவையை ஒரு தோளில் வைத்தபடியே, இன்னொரு கையால் அவரை இடுப்போடு அணைத்துத் தூக்கிப் பிடித்தேன். மைக்கில், "சீமோன் அவருடைய பாரத்தைத் தாங்கினார்" என்று சாமியார் வாசித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு பாரத்தையும் தாங்கிக்கொண்டு நின்றேன்.

ஸ்டீபன் அண்ணனை நிழலுக்குக் கொண்டுபோய், மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். முறையாக நோன்பு இருந்த மனிதர் மயங்கிக் கிடக்கிறார். முட்டை தின்றவன் கல்லுப்போல நிற்கிறேன். அந்த வெட்கம் தாங்காமல் வயிற்றில் என்னமோ புரண்டது. வெட்கம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது இயேசுவின் முகத்தைத் துடைக்கிற வெரோனிக்கா வந்தாள். வெரோனிக்காவாக நின்றது ஜெனிட்டா. அரசு மருத்துவமனையில் நர்ஸ். காலையில் என் நெற்றியில் ரத்தச் சாயம் பூசியதும் அவள்தான். வெள்ளைத் துணியை இரண்டு கையிலும் ஏந்தி, கண்ணில் நிஜமாகவே நீரோடு, என் முன்னால் மண்டியிட்டாள். நான் குனிய வேண்டும். அவள் முகத்தைத் துடைக்க வேண்டும். கூட்டம் அமைதியாகிவிட்டது. சிரித்தவர்கள்கூட அடங்கிவிட்டார்கள். ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது. நான் குனிந்தேன். குனிந்ததும், ஆறு மணிக்கு உள்ளே போன ஆறும் சேர்ந்து ஒரே ஏப்பமாக வெளியே வந்தது.

சத்தம் வரவில்லை. அதுவரை கர்த்தர் கிருபை. ஆனால் அவித்த முட்டை ஏப்பத்துக்குச் சத்தம் எதற்கு? துணிக்கு அந்தப் பக்கம் ஜெனிட்டாவின் கை அப்படியே நின்றது. கண்ணீர் நின்றது. துணி ஓரமாக என்னைப் பார்த்தாள்.

"முட்டையா?" என்றாள்.

பிலாத்துவின் முன்னால் மௌனமாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு வெரோனிக்காவின் முன்னால்தான் புரிந்தது. அவள் மறுபடி துடைக்க ஆரம்பித்தாள், சாயம் மட்டுமல்ல, தோலும் போகும்படி.

மீதி ஒரு கிலோமீட்டர் எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை. மூன்றாவது முறை விழுந்தபோது கையை ஊன்றவே மாட்டேன் என்று வைராக்கியமாக உருண்டு எழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. கூட்டம் ஏமாற்றத்தோடு, "மூணு வரலியே" என்றது.

எல்லாம் முடிந்து கோயில் பின்னறையில் சாமியார் கதவைச் சாத்தினார். லூர்துவும் என் அம்மாவும் உள்ளே இருந்தார்கள்.

"ஏன்யா இப்படிப் பண்ணுன?"

"என்ன ஃபாதர் பண்ணுனேன்? மூணு மாசம் நாயா ஒழைச்சு ஒடம்ப ஏத்தியிருக்கேன். வேணும்னா பாருங்க, ஒரு வாட்டிகூடத் தடுமாறல."

"அதத்தான்யா சொல்றேன், தடுமாறல! யாரு ஒன்னைய ஒடம்ப ஏத்தச் சொன்னது? ஒன்னைய எதுக்கு எடுத்தோம்னு நெனச்ச?"

"மொகத்துக்கு" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

சாமியார் லூர்துவைப் பார்த்தார். லூர்து கூரையைப் பார்த்தான்.

"ஒன் வெலா எலும்புக்குய்யா! ஒண்ணு ரெண்டுன்னு எண்ணலாம் போல இருந்துச்சு. மேக்கப்பே வேணாம்னு எம்புட்டு சந்தோசப்பட்டோம்! எல்லாருக்கும் தெரியுமே இது!"

"எல்லாருக்குமா?" என்று அம்மாவைப் பார்த்தேன்.

"ஒம் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல அப்பு" என்றாள் அம்மா.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. இருபத்தாறு வருடம்! என்னைப் பார்த்த ஒவ்வொருத்தரும் எலும்பன், ஊதுபத்தி, காத்தடிச்சா பறந்துருவ என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டில் சொன்னார்கள், பந்தியில் சொன்னார்கள், பூசை முடிந்து வரும்போது சொன்னார்கள். ஒரு நாள் ஒருத்தருக்கும் என் மனசு ஞாபகம் வரவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அதைச் சொன்னால் எனக்கு உபயோகமாக இருந்திருக்கும் என்கிற அந்த ஒரே ஒரு தடவை, ஊர் மொத்தமும் சேர்ந்து நாகரிகமாகிவிட்டது! "நீ ஒல்லியா இருக்கடா, அதான் எடுத்தோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் நிம்மதியாகச் சோற்றைச் சோறாகவே தின்றுகொண்டு வீட்டில் கிடந்திருப்பேன். என் அப்பாவுக்கும் கொழுப்பு ஏறியிருக்காது.

"சரி, அடுத்த வருசம் வேற ஆளப் பாத்துக்கிருவோம். நீ ரொம்ப நல்லா இருக்கய்யா" என்றார் சாமியார், வருத்தத்தோடு.

அடுத்த வருடம் லூர்து இயேசுவானான். அவன் டயர் கடைப் பக்கமே போகக் கூடாது என்று சாமியார் அவன் அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் ரோமைப் படையின் நூற்றுவர் தலைவன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடுப்பு. ஜிம்மை நான் விடவில்லை. ஸ்டீபன் அண்ணனும் இப்போது என்னோடு வருகிறார். வயிறு குறைந்தால் பழைய பதவி கிடைக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

ஜெனிட்டா அந்த விஷயத்தை யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒரு வருடம் கழித்து எங்கள் நிச்சயதார்த்தத்தில், இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையை எப்படிப் பிடித்தது என்று யாரோ கேட்டபோதுதான் சொன்னாள். "மயங்கி விழுந்தவர ஒத்தக் கையில தாங்கிப் பிடிச்சாரு, அது பிடிச்சிருந்துச்சு" என்று நல்லபடியாகத்தான் ஆரம்பித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "அதுக்கு அடுத்த நிமிசம் எம் மூஞ்சிக்கு நேரா முட்டை ஏப்பம் விட்டாரு" என்று முடித்தாள். அம்மா கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். கிழிந்த அங்கியை மன்னித்தவள், மைக்கால் வந்த சிரிப்பை மன்னித்தவள், இதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை. "பெரிய வெள்ளியில! இயேசுவா நின்னுக்கிட்டு!"

வீட்டில் நான் கொஞ்சம் பெருமையாகப் பேச ஆரம்பித்தால் போதும். சம்பள உயர்வோ, பள்ளியில் நல்ல பெயரோ, எதுவானாலும் ஜெனிட்டா முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, "முட்டையா?" என்பாள். இதைப் பார்த்துப் பார்த்து எங்கள் மகளுக்கும் வந்துவிட்டது. இரண்டு வயது. ட வராது. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் துண்டை எடுத்துக்கொண்டு தத்தித் தத்தி வந்து, என் மூக்கை அமுக்கித் துடைத்து, "முத்தையா?" என்று கேட்கிறாள்.

வந்தவர்கள், "யாருங்க அது முத்தையா?" என்பார்கள்.

ஜெனிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அங்கி கிழிந்தது, அக்காவின் மைக், தண்டால், சீமோன், ஏப்பம் எல்லாம் வரும். முடிகிறவரை நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். முடிந்ததும் ஒரே ஒரு திருத்தம் சொல்வேன். அது முழு முட்டை இல்லை, வெள்ளைக்கரு மட்டும்தான், மஞ்சளை நான் தொடவே இல்லை. இதற்குத்தான் எல்லாரும் அதிகமாகச் சிரிக்கிறார்கள்.